இரவில் கடல் கடக்க வேண்டிய நோயாளி: தீவுக்காரர் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் உள்ள நெடுந்தீவில் குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது மருத்துவிச்சியாக, பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். ஊருக்கு நான் 'மிஸ்ஸி'. வேலையை விட்ட பிறகும் இரவில் கதவு தட்டுவது நிற்கவில்லை. அப்படித் தட்டிய ஓர் இரவில்தான் இந்தத் திட்டத்தின் முதல் வரியை எழுதினேன்.

சோளகக் காலம், தென்மேற்குக் காற்று பெலத்து வீசும் நேரம். பின்னேரம் பனையிலிருந்து விழுந்த ஒருவர் எழுந்து நடந்து வீட்டுக்கு வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். இரவு ஒன்பதரைக்குச் சத்தி எடுத்தார், பேச்சுக் குழறியது. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டொக்டர் பார்த்த உடனே யாழ்ப்பாணத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டார். வழமையாக வரும் படகு அன்று வேறொரு நோயாளியோடு போயிருந்தது. தனியார் படகுக்காரர் ஒருவர் வரச் சம்மதித்தார், ஆனால் கானில் மண்ணெண்ணெய் இல்லை. மண்ணெண்ணெய் கிடைத்தபோது ரோச் இல்லை. துறையில் ஸ்ரெச்சரை இறக்க நாலு பேர் தேவை, நின்றது இரண்டு பேர். நான் அவருடைய கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் நேரங்களைக் குறித்துக்கொண்டே இருந்தேன். அடுத்த நாள் கூட்டிப் பார்த்தேன். கடலில் போனது 55 நிமிடம். தரையில், வீட்டு முற்றத்துக்கும் துறைக்கும் இடையில் போனது ஒரு மணி 50 நிமிடம். அவர் பிழைத்தார், இடது கை மட்டும் இன்றைக்கும் முழுதாகத் திரும்பவில்லை.

கடலை நாங்கள் சுருக்க முடியாது. அந்த ஒரு மணி 50 நிமிடத்தைச் சுருக்கலாம். நான் எழுதுவது அதைப் பற்றித்தான். நெடுந்தீவை வைத்து எழுதுகிறேன். அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவுக்காரர் தங்கள் துறைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் மணிக்கூட்டோடு நடங்கள்

கூட்டம் வைத்துப் பேசுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஊரின் தூரமான மூலையில் ஒரு வீட்டைத் தெரிவு செய்து, ஆரோக்கியமான ஒருவரை ஸ்ரெச்சரில் படுக்க வைத்து, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கும் பிறகு படகு ஏறும் மாவிலித்துறைக்கும் கொண்டு போங்கள். இரவில் செய்யுங்கள். பகலில் செய்தால் ஒழுங்கையில் உள்ள குழியும் சரிந்து கிடக்கும் கல்வேலியும் தெரியாமல் போய்விடும். எந்த வாகனம் எந்தப் படலை வரை வரும், எங்கிருந்து தூக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வட்டாரத்துக்கும் எழுதுங்கள். எங்களுக்கு லான்ட்மாஸ்ரர் (இருசக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் மெத்தை போட்டுக் கொண்டு போவதுதான் சில இடங்களில் ஒரே வழியாக இருந்தது.

துறையில் இன்னொன்றை அளந்து பாருங்கள். நீர் ஏறி நிற்கும்போதும் வற்றி நிற்கும்போதும் துறையின் மேல்தளத்துக்கும் படகின் விளிம்புக்கும் எவ்வளவு இடைவெளி? ஸ்ரெச்சர் சரிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அப்புறம் கணக்குப் போடுங்கள். பாரிசவாதத்தை (பக்கவாதம்) எடுத்துக்கொள்வோம். மூளை இரத்தக் குழாயில் இரத்தக்கட்டி அடைத்து வரும் வகைக்கு, அந்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வழியாகத் துறைக்கு முக்கால் மணி, கடல் ஒரு மணி, அக்கரைத் துறையான குறிகட்டுவானிலிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணை வழியாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஏறக்குறைய ஒரு மணி. அங்கே ஸ்கேன் எடுக்க இன்னும் கொஞ்ச நேரம். மிச்சம் ஒரு மணித்தியாலம் அளவில். 'விடியட்டும் பார்ப்போம்' என்ற ஒரு சொல் அதை முழுதாகத் தின்றுவிடும்.

முடிவெடுப்பது யார்?

தாய்மார் இறப்பதைப் பற்றி 1994இல் தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதியதை எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். தாமதம் மூன்று இடத்தில் நடக்கிறது: போவதா என்று முடிவெடுப்பதில், போய்ச் சேருவதில், போன இடத்தில் வைத்தியம் கிடைப்பதில். தீவில் எல்லாரும் இரண்டாவதைப் பற்றியே பேசுவோம், படகு, படகு என்று. நான் கண்ட அளவில் முதலாவதுதான் கொடியது.

ஏன் தயங்குகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டேன். பயம் என்று சொன்னவர்கள் குறைவு. 'பிள்ளைகளை ஆரிட்டை விடுறது?', 'மாட்டுக்கு ஆர் தண்ணி வைக்கிறது?', 'யாழ்ப்பாணத்திலை ஆற்றை வீட்டிலை நிக்கிறது?', 'திரும்பி வரக் காசு?' இவைதான் பதில்கள். ஆகவே திட்டத்தில் படகோட்டியின் பெயருக்கு முன்னால், ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அயல்வீட்டின் பெயர் இருக்க வேண்டும். அந்த வீட்டு அக்காவோ மாமியோ பிள்ளைகளையும் ஆடுமாட்டையும் பொறுப்பெடுப்பார் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். கோயில் நிதியிலிருந்தோ கடற்றொழிலாளர் சங்கத்திலிருந்தோ ஒரு சிறு கைக்காசு, கேள்வி கேட்காமல் அந்த இரவிலேயே கொடுக்கக் கூடியதாக, ஒருவரிடம் இருக்கட்டும். எங்கள் பக்கத்தில் இதைச் செய்த பிறகு ஆட்கள் நேரத்துக்கு வரத் தொடங்கினார்கள்.

ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒட்ட வேண்டிய தாளில் சில வரிகளே போதும். முகம் கோணுதல், கை சோருதல், பேச்சுக் குழறுதல். நெஞ்சில் பாரம், வியர்வை. மூச்சு எடுக்க முடியாமை. தலையில் அடிபட்டபின் வாந்தி, தூக்கக் கலக்கம். பாம்புக்கடி, எந்தப் பாம்பானாலும். நிற்காத வலிப்பு. கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு, கடும் தலையிடி, கண் மங்கல், பிள்ளைத் துடிப்புக் குறைதல். பிள்ளை பெற்றபின் துணி மாற்ற மாற்ற நனைந்தால். இதில் ஒன்று கண்டாலும் மாமனாரைக் கேட்டு, அண்ணனுக்குக் கனடாவுக்குப் போன் எடுத்து என்று நிற்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு வாருங்கள். கடல் கடப்பதா இல்லையா என்பதை டொக்டர் சொல்லட்டும்.

போன் யார் யாருக்கு, எந்த வரிசையில்

எங்கள் பழைய வழக்கம் ஒன்றன் பின் ஒன்றாக எடுப்பது. படகு சரி வந்த பிறகு அம்புலன்ஸ், அம்புலன்ஸ் சரி வந்த பிறகு தூக்க ஆட்கள். இதை மாற்றுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் எடுக்கட்டும்.

ஒருவர் கடல் பக்கம். நோயாளியை அனுப்புவது ஆஸ்பத்திரியானால், படகு கேட்டுக் கடற்படை முகாமுக்கு ஆஸ்பத்திரியே அறிவிப்பதுதான் முறை. அது நடந்துவிட்டதா என்று கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். கூடவே இரண்டாவது, மூன்றாவது படகுக்காரரையும் எழுப்பித் தயாராக நிற்கச் சொல்ல வேண்டும். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகைப் படகுகள் எல்லாம் பகல் பயணிகளுக்கானவை. இரவுத் திட்டத்தில் அவற்றை எழுதாதீர்கள்.

மற்றவர் தரைப் பக்கம். குறிகட்டுவானில் அம்புலன்ஸ் வந்து நிற்க வேண்டியது படகு சேரும்போது. அங்கே போய் இறங்கியபின் கூப்பிட்டால், துறையில் காற்றுக்குள் நோயாளி கிடப்பார். நான் அப்படி ஒரு தாயைக் குடையால் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆஸ்பத்திரி மாற்றும் நோயாளிக்கு அம்புலன்ஸ் ஒழுங்கு ஆஸ்பத்திரியுடையது. 'யார் எடுத்தது, எத்தனை மணிக்கு, என்ன பதில்' என்ற மூன்றையும் கேட்டு எழுதுங்கள். வீட்டிலிருந்தோ நடுக்கடலிலிருந்தோ நீங்களே கூப்பிட வேண்டி வந்தால் இலக்கம் 1990, கட்டணம் இல்லை. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் வடக்குக்கும் வந்த சுவசெரிய சேவை அது. 'குறிகட்டுவான் இறங்குதுறை, புங்குடுதீவு' என்று முழுதாகச் சொல்லுங்கள், நெடுந்தீவு என்று மட்டும் சொன்னால் வண்டி எங்கே வருவது?

தொலைபேசி இலக்கங்களைக் கையால் பெரிதாக எழுதி ஆஸ்பத்திரி, துறை, கோயில், பள்ளிக்கூடம், சங்கக் கட்டடம் என்று ஐந்து இடத்தில் ஒட்டுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால், மின்சாரம் போய் பற்றரி இறங்கிய இரவில் அது உதவாது.

படகும் ஓட்டியும்

வாரத்துக்கு இரண்டு படகுக்காரர் முறை வைத்து ஊரில் நிற்கட்டும். அவர்கள் அந்த வாரம் இரவில் தொழிலுக்குப் போகாவிட்டால் இழப்பு உண்டு. அதைச் சங்கம் ஈடு செய்ய வேண்டும். நன்றியுணர்ச்சியை மட்டும் நம்பி முறை வைத்தால் மூன்றாம் மாதம் அது உடையும்.

துறைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. போய்வரக் காணும் மண்ணெண்ணெயும், இயந்திரத்தை உசுப்பப் பெற்றோலும், ஒரு பிளக், கயிறு, இரண்டு ரோச், ஆறு உயிர்காப்பு அங்கி, தண்ணீர் போகாத பையில் ஒரு போன். சாவி இரண்டு பேரிடம். எண்ணெயை மாதம் ஒருமுறை மாற்றுங்கள், பழையதைத் தொழிலுக்குப் பாவிக்கலாம். ஓட்டி ஒருவர் போதாது. இருட்டில் வலைமிதப்பும் கடலடிப் பாறையும் பார்க்க முன்னால் இன்னொருவர் வேண்டும்.

ஒரு விடயத்தில் நான் யாரோடும் விட்டுக்கொடுத்ததில்லை. 'இப்போது போக ஏலாது' என்று ஓட்டி சொன்னால் அது கடைசிச் சொல். சொந்தக்காரர் அழலாம், காலில் விழலாம், ஆனால் ஓட்டியைத் துறையில் நெருக்க விடக்கூடாது. அந்த நேரம் நோயாளி ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும். அங்கிருந்து யாழ்ப்பாண டொக்டரோடு போனில் பேசி இங்கே என்ன செய்யலாம் என்று கேட்க வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கடலைத் திரும்பப் பார்க்க வேண்டும். வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில் விடியப்புறம் சில நேரம் காற்று இளகும்.

படகில் எப்படிக் கிடத்துவது

அலையில் முன்பக்கம் தூக்கித் தூக்கி அடிக்கும். நோயாளியை நடுவுக்கும் பின்பக்கத்துக்கும் இடையில் கிடத்துங்கள். பலகை, அதன்மேல் தடித்த மெத்தை, அதன்மேல் ஸ்ரெச்சர். நோயாளியை ஸ்ரெச்சரோடு கட்டலாம், ஸ்ரெச்சரைப் படகோடு இறுக்கிக் கட்டாதீர்கள். இருவர் இரு பக்கமும் பிடிக்கட்டும். படகு கவிழ்ந்தால் ஒரே இழுவையில் அவிழும் முடிச்சே போட வேண்டும். அங்கி நோயாளிக்கும் போட வேண்டும். ஈரம் படாமல் தலை வரை தறப்பாள், முகம் திறந்தபடி. உடம்பு குளிர்ந்தால் இரத்தம் உறைவது குறையும், காயக்காரருக்கு அது ஆபத்து.

மூச்சுத் திணறுபவரைப் படுக்க வைக்காதீர்கள். சாய்ந்து உட்கார்ந்தபடி வரட்டும். நினைவில்லாதவர், மூச்சு இருந்தால், ஒருபக்கமாகச் சரிந்து. வயிறு பெருத்த கர்ப்பிணி இடப்பக்கம் சரிந்து. விழுந்தவருக்குத் தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். பாரிசவாதக்காரருக்குத் தண்ணீரும் கொடுக்கக் கூடாது, புரையேறும். கடைசியாக அவர் நன்றாக இருந்த நேரத்தைக் கையில் பேனையால் எழுதி விடுங்கள்.

பாம்புக்கடிக்குக் கயிறு கட்டுவதும் வெட்டுவதும் உறிஞ்சுவதும் எங்கள் ஊரில் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். மோதிரம், காப்பைக் கழற்றி, கடித்த கையையோ காலையோ மட்டை வைத்து அசையாமல் கட்டி, நடக்க விடாமல் தூக்கி வாருங்கள். பாம்பைத் தேடி அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்கியதைக் கண்டிருக்கிறேன்.

கூடப் போவது ஒருவர்தான். அவர் கையில் கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, பாவிக்கும் குளிசைகளின் பட்டை, டொக்டரின் கடிதம், சார்ஜர், கைக்காசு. கர்ப்பிணியானால் கர்ப்பப் பதிவேடு. இவையெல்லாம் ஒரு பையில் ஆணியில் தொங்கட்டும்.

கர்ப்பிணிகளுக்கு இரவுப் படகே வேண்டாம்

என் வேலையில் நான் மிகவும் பாடுபட்டது இதற்குத்தான். குறித்த திகதிக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னரே அக்கரை போய்விடுங்கள். முந்திய பிள்ளை சிசேரியன், இரட்டைப் பிள்ளை, பிறஷர் என்றால் இன்னும் முந்தி, டொக்டர் சொல்லும் திகதியில். சோளகமும் வாடையும் பெலக்கும் மாதங்களில் திகதி விழுந்தால் ஏழாம் மாதமே யாழ்ப்பாணத்தில் நிற்க வீடு பேசுங்கள். இதற்கும் ஒரு பட்டியல் வேண்டும். நகரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரரில் யார் ஓர் அறை தருவார்கள்? நான் பன்னிரண்டு வீடு எழுதி வைத்திருந்தேன், எல்லா வீட்டாரும் மனமுவந்து தந்தார்கள்.

திரும்பி வந்தபின்

ஒவ்வொரு பயணம் முடிந்து மூன்றாம் நாள், தூக்கியவர்கள், ஓட்டி, தாதி, வீட்டார் கால் மணித்தியாலம் இருந்து நேரங்களை மட்டும் எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தெரிந்தது, போன் எடுத்தது, துறைக்கு வந்தது, படகு வெளிக்கிட்டது, அக்கரை சேர்ந்தது. யார் பிழை என்று அங்கே கதைக்க விடாதீர்கள், அடுத்த முறை ஆள் வரமாட்டார். எந்த இடைவெளி பெரிதோ அதை மட்டும் அந்த மாதம் திருத்துங்கள். எங்கள் கொப்பியில் முதலாவதாகத் திருத்தியது மண்ணெண்ணெய், இரண்டாவது துறை விளக்கு.

சோளகம் தொடங்க முன் சித்திரையிலும், வாடை தொடங்க முன் புரட்டாதியிலும் ஓர் இரவு ஒத்திகை வையுங்கள். ஓ.எல். (பதினோராம் ஆண்டுப் பரீட்சை) எடுத்துவிட்டு நிற்கும் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். அடுத்த பத்து வருடத்துக்கு ஸ்ரெச்சர் தூக்கப் போவது அவர்கள். இலக்கத் தாள்களை அன்றைக்கே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, மாறியதை வெட்டிப் புதிதாக எழுதி ஒட்டுங்கள்.