சர்ச்சைக்குரிய ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுத உட்காரும் முன்

கொடுங்கோலன், துரோகி, மகான் என்று உலகம் ஏற்கெனவே முடிவுகட்டிவிட்ட ஒருவரைப் பற்றி எழுதப் போகிறீர்களா? முதல் அத்தியாயத்தைத் தொடாதீர்கள். முதலில் ஒரு காலவரிசை அட்டவணை போடுங்கள்: தேதி, அன்று அவர் எங்கே, யாருடன் இருந்தார், இது நமக்கு எப்படித் தெரியும், அந்தச் சாட்சியம் எப்போது எழுதப்பட்டது. கடைசிக் கட்டம்தான் உயிர்நாடி. கூட்டத்தில் அவர் கத்தினார் என்று உதவியாளர் எழுதியிருப்பார். எழுதியது அன்றிரவேவா, இல்லை முப்பது வருடம் கழித்து, அவர் பதவி போய் எல்லாரும் கைகழுவிய பிறகா? இரண்டுக்கும் ஒரே எடை கிடையாது.

புது ஆவணம் கிடைத்தால் சந்தோஷப்படும் முன் சந்தேகப்படுங்கள். ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று பெரும்பணம் கொடுத்து வாங்கிய நோட்டுகளை ஒரு ஜெர்மன் வார இதழ் 1983இல் உலகுக்கு அறிவித்தது. சூரிக் வங்கி ஒன்றில் அடுக்கி வைத்திருந்த அந்த நோட்டுகளைப் பார்த்து, ஹ்யூ ட்ரெவர்-ரோப்பர் போன்ற பெரிய வரலாற்றாசிரியரே முதலில் அசல் என்று சொல்லிவிட்டார். அறிவிப்பு வந்து இரண்டே வாரத்தில் குட்டு உடைந்தது. காகிதத்தில் இருந்த வெண்மையூட்டி, போருக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்தது. இவ்வளவு நோட்டுகளை யார் உட்கார்ந்து எழுதுவார்கள் என்ற எண்ணம்தான் ஏமாற்றியது, ஆக அளவைப் பார்த்து மயங்காதீர்கள்.

சரி, ஆட்கள் வாய் திறக்கவில்லை என்றால்? நியூயார்க்கையே புரட்டிப்போட்ட அதிகாரி ராபர்ட் மோசஸைப் பற்றி ராபர்ட் காரோ எழுதத் தொடங்கியபோது, மோசஸ் தன் வட்டத்தில் யாரையும் பேசவிடவில்லை. காரோ ஒரு தாளில் நடுவே புள்ளி வைத்தார், அதுதான் மோசஸ். சுற்றிலும் வட்டத்துக்குள் வட்டமாக வரைந்தார். உள்வட்டத்தில் குடும்பம், நண்பர்கள், வெளியே போகப்போக ஓரிரு முறை மட்டும் அவரோடு வேலை செய்தவர்கள். வெளிவட்டம்வரை எவர் கையும் நீளாது, அதனால் அங்கிருந்து தொடங்கினார். 1974இல் புத்தகம் வெளிவருவதற்குள் 522 பேட்டிகள்! நீங்களும் அந்தத் தாளை வரையுங்கள். பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் இருப்பார்கள், அவர்களை யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

அப்புறம் குடும்பத்தார். கடிதங்களைக் காட்டுவார்கள், பதிலுக்குக் கைப்பிரதியைத் திருத்தும் உரிமை கேட்பார்கள். கொடுக்காதீர்கள், தேதிப் பிழை இருந்தால் சொல்லுங்கள் என்பதோடு நிறுத்துங்கள். இன்னொன்று, கடிதம் யார் கையில் இருந்தாலும் அதன் காப்புரிமை பொதுவாக எழுதியவருக்கோ வாரிசுகளுக்கோதான், எனவே மேற்கோள் அனுமதியை முதல் வருடமே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.