பிளாங்க் இறங்கும்வரை விண்கல்லைத் தொடாதீர்கள்

எங்கள் ஐசோடோப்பு லாபில் புதிதாகச் சேருகிறவர்கள் கையில் முதலில் நான் கொடுப்பது 40 டெஃப்லான் பீக்கர்கள். வாங்கும்போதே முகம் சுருங்கிவிடும். எனக்கும் அப்படித்தான் சுருங்கியது. விண்கல்லின் வயதைக் கண்டுபிடிக்க வந்தவளை மூன்று மாதம் பாத்திரம் கழுவ விட்டால் வேறெப்படி இருக்கும்? ஆனால் இந்த வேலையின் உயிர் அந்தக் கழுவலில்தான் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

கையில் 1 மில்லிகிராம் யூக்ரைட் விண்கல் துணுக்கு இருக்கிறது. அதில் ஸ்ட்ரோன்சியம் 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு, என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தமே 100 நானோகிராம்தான். ஸ்ட்ரோன்சியம் 87, 86 என்பவை ஒரே தனிமத்தின் வேறு வேறு எடையுள்ள அணுக்கள், அதாவது ஐசோடோப்புகள். அவற்றின் விகிதத்தை வைத்துத்தான் வயதைக் கணக்கிடுகிறோம். இந்தக் கல்லில் அந்த விகிதம் 0.699 பக்கம். வெளித்தூசிக்கு 0.71 என்று வைப்போம். வேலைக்கு நடுவில் 1 நானோகிராம் தூசி ஸ்ட்ரோன்சியம் உள்ளே விழுந்தால் விகிதம் 0.00011 ஏறிவிடும். ஐசோடோப்பு விகிதத்தை அளக்கும் நல்ல டிம்ஸ் கருவி 0.00001 வரை பிரித்துச் சொல்லும். அப்படியென்றால் கருவியின் பிழையைப் போலப் பத்து மடங்கு பிழையை நம் கையாலேயே சேர்த்துவிட்டோம். ருபிடியம் 87 பாதியாகத் தேய்ந்து ஸ்ட்ரோன்சியம் 87 ஆவதற்கே ஏறக்குறைய 5,000 கோடி ஆண்டுகள் ஆகும். அவ்வளவு மெதுவாக நகரும் கடிகாரத்தில் இந்தச் சின்னப் பிசகு பல பத்து லட்சம் ஆண்டுகளைப் புரட்டிவிடும்.

வெளியிலிருந்து எவ்வளவு உள்ளே விழுகிறது என்பதை அளக்க ஒரு வழி உண்டு. கல்லைப் போடாமல், அதே அமிலம், அதே பீக்கர், தனிமங்களைப் பிரிக்கும் அதே ரெசின் குழாய் என்று எல்லாப் படியையும் கடந்து வரும் வெறும் கரைசலில் எவ்வளவு ஸ்ட்ரோன்சியம் இருக்கிறதோ, அதற்குப் பெயர்தான் பிளாங்க். பூமியின் வயதை 455 கோடி ஆண்டுகள் என்று 1956-இல் வெளியிட்ட கிளேர் பேட்டர்சன் வருடக்கணக்கில் போராடியது இதோடுதான். அவர் அளக்க வேண்டிய ஈயத்தைவிட லாபில் மிதந்த ஈயம் அதிகம். அதைத் துரத்தித் துரத்தித் துடைத்த பிறகுதான் கேன்யன் டயாப்லோ விண்கல் அவருக்கு வழிவிட்டது. பெட்ரோலில் கலந்த ஈயம் உலகம் முழுக்கப் படிந்திருப்பதை அவர் பிடித்ததும் இந்தச் சுத்தத்தின் பயன்தான்.

சரி, கழுவல். பீக்கரில் இருக்கும் பழைய மார்க்கர் எழுத்தை ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். பீக்கர்களைச் சரிபாதி நைட்ரிக் அமிலத்தில் ஒரு இரவு சூடாகப் போட்டு வையுங்கள். மறுநாள் 18.2 மெகாஓம் எனப்படும் மிகச் சுத்தமான தண்ணீரில் மூன்று முறை அலசி, அடுத்து ஹைட்ரோகுளோரிக்கில் ஒரு இரவு. அதன்பின் ஒவ்வொரு பீக்கரிலும் சுத்தமான அமிலம் சில சொட்டு விட்டு, மூடி, ஹாட்பிளேட்டில் வையுங்கள். ஆவி உள்ளுக்குள்ளேயே ஏறி இறங்கிச் சுவரைக் கழுவும். கடைசி அலசலுக்குப் பிறகு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சேம்பிலையில் தண்ணீர் உருளுகிற மாதிரி துளி உருண்டு ஓட வேண்டும். ஒரே இடத்தில் ஒட்டி நின்றால் அங்கே கீறலோ அழுக்கோ இருக்கிறது. அந்தப் பீக்கரைத் திரும்ப முதலிலிருந்து கழுவுங்கள்.

சுத்த அறைக்குள் போகுமுன் மோதிரம், வளையல், பவுடர் எதுவும் கூடாது. திருநீறும் குங்குமமும்கூட வெளியிலேயே துடைத்துவிட்டு வரச் சொல்வேன். சாம்பலில் கால்சியத்தோடு ஸ்ட்ரோன்சியமும் வரும். சில குங்குமங்களில் ஈயம் உண்டு. இதைச் சொல்லும்போது யார் மனமும் நோகக்கூடாது, அதனால் காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

கல்லைக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். எச்.எஃப். என்போம். இந்த ஒன்றில் மட்டும் எனக்குப் பயம் போனதே இல்லை; உங்களுக்கும் போக வேண்டாம். நீர்த்த எச்.எஃப். பட்டால் உடனே வலிக்காது, பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் தோலைத் தாண்டி எலும்புவரை போய்விடும். ஆகவே தனியாக இருக்கும்போது பாட்டிலைத் திறக்காதீர்கள். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, காலாவதி ஆகிவிட்டதா என்று தினமும் பாருங்கள். ஒரு சொட்டு பட்டாலும் தண்ணீரில் கழுவி, ஜெல் தடவி, நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள், எச்.எஃப். என்று பெயரைச் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு நான் தருவது நாமக்கல் சித்தம்பூண்டியின் அனார்த்தசைட் என்ற பாறையின் பொடி. சந்திரயான் 2-க்காக நிலா மண்ணைப் போன்ற மண்ணை இஸ்ரோ தயாரித்தது அந்தப் பாறையிலிருந்துதான். கால்சியம் மிகுந்த கல் என்பதால் எச்.எஃப். ஊற்றிக் காய வைத்தால் அடியில் வெள்ளையாக ஃபுளோரைடு படியும். அதற்குள் ஸ்ட்ரோன்சியமும் மாட்டிக்கொள்ளும். கரைசல் தெளியும்வரை நைட்ரிக்கும் ஹைட்ரோகுளோரிக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்துக் காய வைக்கப் பழகுங்கள். நிலாக் கல்லில் இதைக் கற்றுக்கொள்ள யாரும் விடமாட்டார்கள்.

ரெசின் குழாய் வேலை எளிதுதான். ஸ்ட்ரோன்சியம் ரெசினை 3 நார்மல் செறிவுள்ள நைட்ரிக்கில் பழக்கிக் கரைசலை விட்டால் ஸ்ட்ரோன்சியம் பிடித்துக்கொள்ளும். ருபிடியமும் கால்சியமும் ஒழுகிப் போய்விடும். பிறகு வெறும் தண்ணீர் விட்டால் ஸ்ட்ரோன்சியம் இறங்கிவிடும். காய வைக்குமுன் பாஸ்பாரிக் அமிலம் ஒரு துளி சேருங்கள். 100 நானோகிராம் கண்ணுக்குத் தெரியாது. பாஸ்பாரிக் காயாமல் பொட்டளவு நிற்பதால், உங்கள் விண்கல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும்.

என் முதல் பிளாங்க் 2 நானோகிராம் வந்தது. அன்று அழுதேன். அழுது முடித்ததும் அக்கா ஒருவர் சொன்னபடி ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்தேன். அமிலத்தை மட்டும் காய வைத்து அளந்தேன், சுத்தம். தண்ணீர் சுத்தம். ரெசின் சுத்தம். பீக்கரும் சுத்தம். மூன்று வாரம் போனது. கடைசியில் பார்த்தால், மூடியைக் கழற்றும்போது என் ஆள்காட்டி விரல் மூடியின் உள்விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. நைட்ரில் கையுறையைச் செய்யும்போது கால்சியம் நைட்ரேட் பயன்படுத்துவார்கள். அதன் மிச்சம் மேலே இருக்கும், ஸ்ட்ரோன்சியம் அதோடு கூடவே வரும். மூடியை வெளிப்பக்கம் மட்டும் பிடிக்கப் பழகினேன். கையுறை போட்டதும் தண்ணீரில் அலசவும் பழகினேன். அடுத்த பிளாங்க் 90 பிக்கோகிராம், அதாவது 0.09 நானோகிராம். ஆகவே பிளாங்க் ஏறினால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் குற்றவாளி யாரென்றே தெரியாமல் போய்விடும்.

கருவியில் ஏற்றும் நாளில் முதலில், விகிதம் முன்பே தெரிந்த என்பிஎஸ் 987 ஸ்டாண்டர்டு. 0.71025 வர வேண்டும். அடுத்து, விகிதம் தெரிந்த பிசிஆர்-2 பசால்ட் பாறைப் பொடியை விண்கல்லோடு கூடவே தனிப் பீக்கரில் கரைத்து ரெசின் குழாயில் இறக்கியிருப்பீர்கள், அது 0.70501 தந்தால் உங்கள் வேதியியலும் சரி. இரண்டும் சரியாக வந்தபின்தான் விண்கல். ஓடும்போது நிறை 85-இல் ஒரு கண் இருக்கட்டும். அங்கே ருபிடியம் தெரிந்தால் 87-இலும் அது ஒளிந்திருக்கும். சேம்பிள் ஏற்றிய ஃபிலமெண்ட் கம்பியை அவசரப்படாமல் மெல்லச் சூடேற்றினால் ருபிடியம் முதலில் எரிந்து போகும். பத்து நிமிடம் பொறுங்கள்.

கரைசலை முழுதும் ஏற்றிவிடாதீர்கள். பாதியை மூடி, பீக்கரில் செதுக்கிய எண்ணை நோட்டில் எழுதிவையுங்கள். மார்க்கர் எழுத்து அமில ஆவியில் போய்விடும். ஆறு மாதம் கழித்து ஆய்விதழிலிருந்து கேள்வி வரும்போது அந்தப் பாதிதான் கையில் இருக்கும்.