புகழ்பெற்ற பேஸ் கிட்டார்கள்: வாங்கும்போதும் வாசிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இளையராஜா பாட்டில் பேஸ் எந்தப் பக்கம் போகிறது என்று ஹெட்ஃபோன் மாட்டித் தேடிக் கேட்கிறவர்கள் சென்னையில் ஏராளம். காது அப்படிப் பழகிவிட்டால், பெரிய பெயருள்ள ஒரு பேஸைக் கையில் பிடித்துப் பார்க்கும் ஆசை தானாக வரும். அண்ணா சாலைக் கடையிலோ, வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் மூலமோ, செகண்ட் ஹேண்டிலோ கருவி வீட்டுக்கு வந்துவிடும். பிளக் பண்ணினால் ரெக்கார்டில் கேட்ட சத்தம் வராது. பழி கருவியின் தலையில் விழும். ஆனால் பெரும்பாலான நேரம் கருவி சரியாகத்தான் இருக்கும். அதில் போட்ட கம்பி, செய்த செட்டப் (கம்பி உயரம், நெக் வளைவு போன்றவற்றைச் சரிசெய்வது), மாட்டிய இடம் இவற்றில்தான் கோளாறு.

பிரிசிஷன் வாங்கிவிட்டுக் கம்பியை மறப்பது

லியோ ஃபெண்டர் 1951-ல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ்தான் இன்றைய பேஸ் கிட்டார்களின் அளவுகோல்: 34 அங்குல ஸ்கேல் (நட்டிலிருந்து, அதாவது கம்பியைத் தாங்கும் மேல் கட்டையிலிருந்து, பிரிட்ஜ் வரையுள்ள கம்பியின் நீளம்), 20 ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்). முதலில் இருந்தது ஒற்றைச் சுருள் பிக்அப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் காந்தப் பகுதி). இரண்டு துண்டாகப் பிரிந்த இப்போதைய பிக்அப் 1957-ல் வந்தது.

இந்த பேஸைத் தேடுகிறவர்களின் மனதில் இருப்பது அமெரிக்காவின் மோடவுன் நிறுவனப் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜாமர்சனின் உருண்டையான, கட்டையான சத்தம். அவருடைய 1962 பிரிசிஷனில் இருந்தவை லா பெல்லா நிறுவனத்தின் தடித்த ஃபிளாட்வூண்ட் கம்பிகள் (வழவழப்பான தட்டைச் சுற்று), .052 முதல் .110 அங்குலம் வரை. அறுந்தால் தவிர மாற்ற மாட்டார். பிரிட்ஜ் மூடிக்குக் கீழே ஃபோம் இருந்தது. வலது கையில் ஆள்காட்டி விரல் மட்டும். ஸ்டுடியோவில் ஆம்ப் இல்லாமல் நேராக மிக்ஸருக்கே போனார். இன்று கடையில் எடுக்கும் பிரிசிஷனில் இருப்பது .045 முதல் .105 வரையிலான நிக்கல் ரவுண்ட்வூண்ட் (சொரசொரப்பான உருண்டைச் சுற்று). அதை வைத்துக்கொண்டு பிக்அப்பை மாற்றுவது, ப்ரீஆம்ப் (சிக்னலை ஏற்றும் சிறு மின்சுற்று) சேர்ப்பது என்று செலவழிப்பது வீண். முதல் செலவு ஒரு செட் ஃபிளாட்வூண்ட். விலை கூடத்தான், ஆனால் வருடக்கணக்கில் ஓடும். சென்னை வியர்வைக்கு அது சாதாரண லாபம் இல்லை.

தடித்த கம்பி போட்டதும் விட்டுவிடக் கூடாது. இழுவிசை கூடுவதால் நெக் முன்பக்கம் வளையும், ஆக்‌ஷன் (கம்பியின் உயரம்) ஏறும். முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, கடைசி ஃபிரெட்டில் ஈ கம்பியை அழுத்திப் பிடித்து, 7-வது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். 0.3 மி.மீ. சுமார் இருந்தால் போதும். அதிகமானால் ட்ரஸ் ராடை (நெக்குக்குள் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டு) கால் சுற்று மட்டும் வலஞ்சுழியாகத் திருப்பி, மறுபடி ட்யூன் செய்து, ஒரு நாள் விட்டுத் திரும்ப அளக்கவும். அதன் பிறகுதான் பிரிட்ஜில் உயரம்: 17-வது ஃபிரெட்டில் ஈ கம்பிக்கு 2.4 மி.மீ., ஜி கம்பிக்கு 2 மி.மீ. வரிசையை மாற்றி முதலில் பிரிட்ஜைக் குறைத்தால் நடு ஃபிரெட்டுகளில் கரகரப்பு வரும், காரணமும் பிடிபடாது. நட்டின் பள்ளத்தில் தடித்த கம்பி இறங்காமல் மேலே உட்கார்ந்தால் முதல் மூன்று ஃபிரெட் ஷார்ப்பாக ஒலிக்கும். அதை அந்த அளவுக்கான அரத்தால் அகலப்படுத்த வேண்டும்.

ஃபோம் வைக்கிறவர்கள் செய்யும் தவறு, தடிமனான துண்டைத் திணிப்பது. பிரிட்ஜை ஒட்டி, ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில், கம்பியைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். கம்பியை மேலே தள்ளினால் சுதி கெடும்.

ஜாஸ் பேஸின் ஹம்மும் அறுத்த எர்த் பின்னும்

1960-ல் வந்த ஜாஸ் பேஸின் நட் அகலம் சுமார் 38 மி.மீ.தான். சின்னக் கைக்காரர்களுக்கு வசதி. அதில் இரண்டு ஒற்றைச் சுருள் பிக்அப்புகள். இரண்டு வால்யூமும் முழுசாகத் திறந்திருந்தால் ஒன்றின் ஹம்மை (மின்சார ரீங்காரத்தை) இன்னொன்று அடித்துவிடும். ஒன்றைக் கொஞ்சம் குறைத்தாலும் ஹம் எட்டிப் பார்க்கும். வீட்டில் இது தெரியாது. எல்இடி திரை, டிம்மர் விளக்கு, ஜெனரேட்டர் எல்லாம் ஓடும் கல்யாண மண்டபத்தில் நன்றாகவே தெரியும். பின்பக்க பிக்அப்பை மட்டும் வைத்து மூக்கொலி போன்ற சத்தம் வேண்டும் என்பவர்கள் ஒற்றைச் சுருளுக்குப் பதில் ஹம் இல்லாத அடுக்குச் சுருள் பிக்அப்புக்கு மாறுவது நல்லது. பிக்அப் குழிகளில் செம்பு டேப் ஒட்டி எர்த்துடன் இணைப்பது இரைச்சலைக் கொஞ்சம் குறைக்கும்.

ஹம் போக வேண்டும் என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிடுவதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் செய்யக் கூடாது. பேஸின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்துடன் சேர்ந்திருக்கின்றன. ஆம்பில் ஒரு ஒயர் கசிந்தால் 230 வோல்ட் நேராகக் கம்பிக்கு வரும். ஈரத்தரை போட்ட கோயில் திருவிழா மேடையில், ஒரு கை கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்கிற பாடகர்-வாசிப்பாளருக்கு அது உயிர் போகும் விஷயம். சரியான வழி, ஆம்பையும் மிக்ஸரையும் ஒரே பவர் போர்டிலிருந்து எடுப்பது. அப்போதும் ஹம் இருந்தால் டிஐ பாக்ஸில் (பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) உள்ள, சிக்னல் கேபிளின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டுவது.

டிஐ பாக்ஸ் இல்லாமல் பேட்டரி இல்லாத பாசிவ் பேஸை நேராக மிக்ஸரின் மைக் இன்புட்டில் சொருகுவதும் இங்கே சகஜம். அந்த இன்புட்டின் இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) சில ஆயிரம் ஓம்தான். பாசிவ் பிக்அப்புக்குப் பத்து லட்சம் ஓம் அளவில் வேண்டும். இல்லையென்றால் மேல் ஒலிகள் செத்துவிடும்; சவுண்ட் என்ஜினியர் ட்ரெபிளை ஏற்றுவார், இரைச்சல் மட்டும் ஏறும்.

ஸ்டிங்ரேயில் கேபிளை விட்டுவிட்டுப் போவது

மியூசிக் மேன் ஸ்டிங்ரே 1976-ல் வந்தது. ஒரே பெரிய ஹம்பக்கர் (ஹம்மை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்அப்), உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப். ஃப்ளீ, லூயிஸ் ஜான்சன் போன்ற பேஸ் வாசிப்பாளர்களின் ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியைத் தட்டி வாசிக்கும்) சத்தம் இதில்தான் பேர் வாங்கியது. கேபிள் சொருகியிருக்கும் வரை பேட்டரி கரையும். ஒத்திகை முடிந்ததும் பிடுங்காமல் நாள்கணக்கில் விட்டால் பேட்டரி செத்துவிடும். முழுசாகச் சாவதற்கு முன்பே பலமாக அடிக்கும்போது சத்தம் உடையும், அதை ஆம்பின் கோளாறு என்று நினைக்க வேண்டாம். பையில் ஒரு அல்கலைன் பேட்டரி எப்போதும் இருக்கட்டும். ஆம்பில் ஆக்டிவ் இன்புட் (பேட்டரியில் ஓடும் பேஸுக்கானது) இருந்தால் அதில்தான் சொருக வேண்டும்.

ரிக்கன்பேக்கரை ஃபெண்டர் மாதிரி நடத்துவது

இந்தப் பட்டியலில் அதிகச் சேதம் நடப்பது இதில்தான். 1961-ல் வந்த ரிக்கன்பேக்கர் 4001-ன் ஸ்கேல் 33¼ அங்குலம், நெக்கில் இரண்டு ட்ரஸ் ராடுகள். பழைய 4001-ன் ராடுகள் நெக்கை இழுத்து நேராக்குவதற்காக அமைந்தவை அல்ல, நேராக்கிய நெக்கை அப்படியே பிடித்து வைக்கத்தான். கம்பியைத் தளர்த்தி, கையால் நெக்கை வேண்டிய நிலைக்கு வளைத்துப் பிடித்து, பிறகு ராடுகளின் இரண்டு திருகு நட்டுகளையும் சமமாக இறுக்க வேண்டும். ஃபெண்டர் பழக்கத்தில் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் ஃபிங்கர்போர்ட் பிளந்துகொள்ளும். பின்னாளில் வந்த 4003 வகையில் வேறு ராடுகள். அவற்றைச் சாதாரணமாகத் திருகலாம். எது கையில் இருக்கிறது என்று தெரியாமல் டெக்னீஷியனிடம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இரண்டு ஜாக்குகளில் ஒன்று ரிக்-ஓ-சவுண்ட், ஸ்டீரியோ. அதில் சாதாரண மோனோ கேபிளைப் போட்டால் ஒரு பிக்அப்பின் சத்தம்தான் வரும். "பிக்அப் போச்சு" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுமுன் அடுத்த ஜாக்கில் மாட்டிப் பார்க்கலாம்.

ஹாஃப்னர்: எல்லாக் கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றுவது

வயலின் வடிவ ஹாஃப்னர் 500/1-ஐ பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் வாங்கினார். அந்தக் கருவி 1972-ல் திருடுபோய், கிடைத்துவிட்ட செய்தி 2024-ல் வெளியானது. உள்ளே கூடான உடல், 30 அங்குலம் அளவிலான ஷார்ட் ஸ்கேல்.

அதன் பிரிட்ஜ் திருகு போட்டுப் பதிக்கப்பட்டது அல்ல, கம்பிகளின் அழுத்தத்தில் நிற்கிறது. நான்கையும் கழற்றினால் நகர்ந்துவிடும், இன்டோனேஷன் (ஒவ்வொரு ஃபிரெட்டிலும் சுதி சரியாக இருப்பது) போய்விடும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். நகர்ந்துவிட்டால் நட்டிலிருந்து 12-வது ஃபிரெட் வரையுள்ள தூரத்தையே அங்கிருந்து பிரிட்ஜுக்கும் வைத்து, பிறகு 12-வது ஃபிரெட்டில் ஹார்மானிக்கும் அழுத்திய ஸ்வரமும் ஒன்றாகும்வரை மெல்லத் தள்ள வேண்டும். கடையில் ஷார்ட் ஸ்கேல் கம்பி கிடைக்கவில்லை என்று 34 அங்குலக் கம்பியை வெட்டிப் போட்டால், முழுத் தடிமன் ட்யூனிங் கட்டையில் சுற்ற முடியாமல் உடைந்து, சுற்று கழன்று, கம்பி ஊமையாகிவிடும். சத்தம் திடீரெனக் குறைந்தால் ரிதம், சோலோ என்று எழுதிய ஸ்விட்சைப் பாருங்கள். ரிதம் பக்கம் இருந்தால் அப்படித்தான் குறையும். பெரிய மேடையில் ஆம்புக்கு முகம் காட்டி நின்றால் ஊளையிடும், அதற்கு வேறு மருந்து இல்லை.

ஃபிரெட்லெஸ்ஸில் ரவுண்ட்வூண்ட்

ஜாஸ் கலைஞர் ஜாக்கோ பஸ்டோரியஸின் ஃபிரெட் இல்லாத (ஃபிரெட்லெஸ்) 1962 ஜாஸ் பேஸைப் பார்த்து ஃபிரெட்டைப் பிடுங்குகிறவர்கள், அவர் ஃபிங்கர்போர்டுக்குக் கப்பல் வேலைக்கான எபாக்ஸி பிசின் பூசியதை விட்டுவிடுகிறார்கள். பூச்சு இல்லாத ரோஸ்வுட்டில் ரவுண்ட்வூண்ட் கம்பி ரம்பம் மாதிரி அறுக்கும். கமகம் பிடிக்க ஃபிரெட்லெஸ் நல்ல தேர்வுதான், ஃபிளாட்வூண்ட் போடுங்கள். விரலை ஃபிரெட் இருந்த கோட்டுக்குப் பின்னால் அல்ல, கோட்டின் மேலேயே வைக்க வேண்டும்.

தண்டர்பேர்டைச் சாய்த்து வைப்பது

கிப்ஸன் தண்டர்பேர்ட் 1963-ல் வந்தது. பின்சாய்ந்த ஹெட்ஸ்டாக், மென்மையான மஹோகனி நெக்: விழுந்தால் நட்டுக்குப் பின்னால் முறியும். சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். சாஃப்ட் பையில் போட்டு ரயில் பெர்த்துக்கு அடியில் தள்ளாதீர்கள். தலை கீழே இறங்கும் எடைக்கு, உள்பக்கம் சொரசொரப்பான அகல ஸ்ட்ராப் உதவும்.

கடற்கரை ஊரில் வைத்திருப்பது

ஏசி அறையில் செட்டப் செய்து, ஐப்பசி மழையில் திறந்தவெளி மேடைக்கு எடுத்துப் போனால் நெக் நகரும். செட்டப்பை வாசிக்கும் சூழலுக்கு அருகில் செய்வதே சரி. கருவியை 45 முதல் 55 சதவீத ஈரப்பதத்தில் வைக்க முடிந்தால் நல்லது. பெட்டிக்குள் ஒரு ஹைக்ரோமீட்டரும் சிலிக்கா ஜெல்லும் போதும், சிலிக்கா நீலத்திலிருந்து ரோஸாக மாறினால் மாற்றிவிடவும். உப்புக் காற்றில் பிரிட்ஜ் திருகுகள் துருப்பிடித்து இறுகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு உள்ள கருவியை ரப்பர் ஸ்டாண்டில் நாள்கணக்கில் விட்டால் ரப்பரும் பூச்சும் ஒட்டிக்கொண்டு கறை விழும். ஸ்டாண்டில் பருத்தித் துணி சுற்றுங்கள்.

பழையது என்று நம்பி வாங்குவது

நெக் பிளேட்டில் உள்ள சீரியல் நம்பரை மட்டும் பார்க்கிறவர்கள் ஏமாறுவார்கள். நான்கு திருகைக் கழற்றினால் பிளேட் இன்னொரு உடலுக்கு மாறிவிடும். சில காலக் கணக்குகள் கையில் இருக்கட்டும். 1957-க்கு முந்தைய பிரிசிஷனில் பிரிந்த பிக்அப் இருக்காது. 1960-க்கு முன் ஜாஸ் பேஸே இல்லை. அதன் நெக்கில் கட்டை வடிவ இன்லே (பதித்த அடையாளம்) 1966-ல்தான் வந்தது, ஆகவே 1962 என்று சொல்லி அப்படி ஒன்றைக் காட்டினால் நெக் மாற்றியது அல்லது மறுபதிப்பு.

உள்ளே வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். 1376632 என்றால் 137 தயாரிப்பாளர் சிடிஎஸ், 66 வருடம், 32 வாரம். கருவி அதற்குப் பிறகுதான் உருவாகியிருக்க முடியும். கூடவே, பழைய சாலிடரா, புதிதாகப் பளபளக்கும் சாலிடரா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நெக்கைக் கழற்றி அடிப்பாகத்தின் தேதியைக் காட்ட விற்பவர் தயங்கினால் விலையைப் புதிய கருவியின் அளவிலேயே பேசுங்கள்.

வெளிநாட்டிலிருந்து 1960-களின் முற்பாதி ஃபெண்டரை வரவழைக்க நினைப்பவர்கள் ஃபிங்கர்போர்ட் மரத்தைக் கேட்க வேண்டும். அந்தக் காலத்து ஃபெண்டரில் பிரேசிலியன் ரோஸ்வுட் இருந்தது. அது 1992 முதல் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையில் உள்ள மரம். மற்ற ரோஸ்வுட் இசைக்கருவிகளுக்கு 2019-ல் கிடைத்த விலக்கு இதற்குப் பொருந்தாது. அனுப்பும் நாட்டிலும் இங்கேயும் பர்மிட் வாங்காமல் பார்சல் போட்டால், பணம் முழுக்கக் கட்டிய கருவியைக் கஸ்டம்ஸ் பறிமுதல் செய்யலாம்.