டீசல் ஜெனரேட்டருக்குப் பழுதுநீக்கச் சோதனை: திட்டமிடுவது எப்படி?

ராணுவத்துக்கோ கடலோரக் காவல் படைக்கோ கொடுக்கும் ஜெனரேட்டர் நின்றுபோனால், அங்கிருக்கும் ஆட்களே எத்தனை நிமிடத்தில் திரும்ப ஓட்டுவார்கள் என்று, வேண்டுமென்றே பழுதுகளை வைத்துப் பார்ப்பதுதான் இந்தச் சோதனை. கடலூர் சிப்காட்டிலோ சேதராப்பட்டிலோ இதற்குத் தயாராகும் பட்டறைகள் முதலில் உட்கார வேண்டியது பழுதுப் பட்டியலில்.

ஃபியூஸ், பெல்ட் என்று சுலபமானதையே வைத்தால் சராசரி நேரம் பொய்யாகக் குறைந்துவிடும். எந்தப் பாகம் எவ்வளவு அடிக்கடி கோளாறாகுமோ அதே விகிதத்தில் பிரியுங்கள். மொத்தம் 50 பழுது, அதில் எரிபொருள் பக்கம் 40 சதவீதம் என்றால் அதற்கு 20. மின் பக்கம் 30 சதவீதம் என்றால் 15. மீதி 15 ரேடியேட்டருக்கும் ஆயிலுக்கும். தேவைக்கு மேல் பல மடங்கு எழுதிவைத்துக் குலுக்கி எடுங்கள். எது வரும் என்று பழுது பார்ப்பவருக்குத் தெரியவே கூடாது.

பழுதை வைப்பதிலும் பக்குவம் வேண்டும். டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்புக்கு முன்னால், குழாயை இணைக்கும் துளையுள்ள பாஞ்சோ போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தினால் போதும். அது உறிஞ்சும் பக்கம் என்பதால் இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே கசியாமல் காற்று உள்ளே போகும். இன்ஜின் கொஞ்ச நேரம் ஓடி, ஏறி இறங்கி, நின்றுவிடும். போல்ட் தலையில் புது ஸ்பேனர் தடம் தெரிந்தால் அந்தப் பழுது வீண்.

கோளாறு தெரிந்த நொடியில் கடிகாரத்தை ஓடவிடுங்கள். சரிசெய்து, லோடு கொடுத்து ஓட்டிப் பார்த்த பிறகே நிறுத்துங்கள். கண்டுபிடிக்க, மூடி கழற்ற, மாற்ற, பூட்ட, சரிபார்க்க என்று தனித்தனியாகக் குறியுங்கள். ஸ்பேர் வரக் காத்திருந்த நேரம் இதில் சேராது. கையேட்டில் ஒரு படி விட்டுப்போய் ஆள் தடுமாறினால் அது கட்டாயம் சேரும். கையேடும் சோதனைக்கு உட்பட்டதுதான். இன்ஜினைக் கோத்தவரைக் கொண்டு பழுது பார்க்க வைக்காதீர்கள். ஜெனரேட்டரோடு கொடுக்கும் டூல் கிட் தவிர வேறெதுவும் கையில் இருக்கக் கூடாது.

நம் கடற்கரையில் இன்னொன்று. உப்புக் காற்றில் போல்ட் இறுகும், டெர்மினலில் பச்சை பூக்கும். பளபளக்கும் புது மெஷினில் 4 நிமிடத்தில் கழன்ற மூடி அங்கே அப்படிக் கழலாது. சில வாரமாவது வெளியே ஓடிய மெஷினைச் சோதனைக்கு எடுங்கள்.

கணக்குக்கு ஓர் உதாரணம்: 50 பழுதின் சராசரி 38 நிமிடம், திட்ட விலக்கம் (நேரங்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 20. உண்மையான சராசரி இதைத் தாண்டாது என்று 90 சதவீத நம்பிக்கையோடு சொல்ல, அதற்கான எண் 1.28: 1.28 × 20 ÷ √50 = 3.6; சராசரியோடு கூட்டினால் 41.6. ஒப்பந்த வரம்பு 45 என்றால் தேறியது, 40 என்றால் தேறவில்லை. பெரும்பாலான பழுது சீக்கிரம் முடிந்து, இரண்டு மூன்று மட்டும் மணிக்கணக்கில் இழுக்கும். அவற்றைக் கணக்கிலிருந்து தூக்காதீர்கள். எந்த மூடி, எந்த போல்ட் வழிமறித்தது என்று எழுதி டிசைன் மேசைக்கு அனுப்புங்கள்.