மலைச்சரிவில் வீடு கட்டித்தரப் போவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில், மண்சரிவில் லயங்களை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை) இழந்த குடும்பங்களுக்கு வீடு கட்டித்தர வரும் இளைஞர்கள், அன்று நாங்கள் செய்த பிழைகளையே செய்வதைக் காணும்போது மனம் பதறுகிறது. சப்பாத்து, கையுறை பற்றி எவரும் சொல்லித் தருவர், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கொட்டிய மண்ணில் அத்திவாரம்

பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில், 7 பேர்ச்சஸ் காணியின் மேற்புறத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்புறம் தள்ளிச் சமப்படுத்தி, பாதி வெட்டிய தரையிலும் பாதி கொட்டிய மண்ணிலுமாக அத்திவாரம் போட்டோம். கான் (மழைநீர் வடிகால்) வெட்டியே முதுமையடைந்த பெரியவர் ஒருவர், “தம்பி, போட்ட மண்ணு வேற, பொறந்த மண்ணு வேற, ஒரு மழை பாத்துட்டுக் கட்டுங்க” என்றார். வீடு கையளிக்கும் நாள் குறிக்கப்பட்டிருந்ததால் நாங்கள் கேட்கவில்லை. ஐப்பசி மழையில் கொட்டிய மண் அமிழ்ந்தது; வெட்டிய தரை அசையவில்லை; சுவர் நடுவே பிளந்தது. அந்தப் பிளவில் வீட்டுக்கார அக்கா பழஞ்சேலையைச் சுருட்டி அடைத்திருந்தார். சீமெந்து வீணானதை மறந்துவிட்டேன். ஒருமுறை மண்ணுக்குத் தப்பியவர்களை மறுபடியும் மழைச்சத்தத்துக்கு விழித்திருக்க வைத்ததை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அத்திவாரம் முழுவதும் வெட்டிய, கலையாத தரையில் நிற்க வேண்டும். அதற்காக வீடு சரிவின் குறுக்கே நீளமாகவும் ஒடுக்கமாகவும் அமையட்டும். வெட்டிய மண்ணை அப்புறப்படுத்துங்கள். பின்புறத் தடுப்புச் சுவரில் நீர் வடியத் துளைகள் விடுங்கள். அதற்கும் மேலே ஒரு கான் வெட்டி மழைநீரைத் திருப்புங்கள். தேங்கும் நீரின் அழுத்தமே பல சுவர்களைத் தள்ளிவிடுகிறது.

இடத்தைச் சோதிக்காமல் தொடங்குதல்

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. அந்தச் சரிவைப் பற்றி முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. கட்டப்போகும் இடத்தைப் பற்றித் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை கைக்கு வருமுன் மண்வெட்டியைத் தொடாதீர்கள்.

கூரைத் தண்ணீர்

பீலியிலிருந்து கானுக்கு, சரிவுக்கு அன்று.

மலசலகூடக் குழி

சரிவில் வீட்டுக்கு மேற்புறத்தில் வேண்டாம்.

வீட்டாரைக் கேட்காத வரைபடம்

விறகடுப்பில் சமைப்பவருக்குப் புகைபோக்கி இல்லாத குசினியைக் கட்டிக்கொடுத்தோம். மூன்றாம் மாதமே அவர் வெளியே தகரம் சாய்த்து அடுப்பு மூட்டியிருந்தார். அந்தத் தகரத்தின் தண்ணீர் நேராக அத்திவாரத்தில் விழுந்துகொண்டிருந்தது.