நத்தாலியா லஃபோர்காதே: புதிதாகக் கேட்பவர்கள் எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

மெக்சிகோவின் நத்தாலியா லஃபோர்காதே தானே பாட்டெழுதி, மெட்டமைத்துப் பாடுபவர். 2002-ல் வந்த முதல் ஆல்பத்தை எடுத்து ஆண்டு வரிசையில் கேட்டால் பாதியிலேயே விட்டுவிட வாய்ப்பு அதிகம். அது துள்ளலான பாப். பின்னாளில் அவருக்குப் பேர் வாங்கித் தந்த நாட்டார் கிட்டார் இசையை அதில் தேட முடியாது. அதனால் நடுவிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஷஃபிளை அணைத்துவிட்டு இயர்போனை மாட்டிக்கொள்ளுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் பாஸ் காணாமல் போய்விடும்.

படி 1: 'அஸ்தா லா ராயீஸ்' (2015)

'வேர் வரை' என்று பொருள். தலைப்புப் பாட்டை மூன்று முறை கேளுங்கள்: ஒரு முறை குரலுக்காக, ஒரு முறை கிட்டாருக்காக, கடைசியாக வரிகளின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு. உச்சரிப்பு 'அஸ்தா' என்றாலும் எழுத்தில் முன்னால் ஒரு 'எச்' உண்டு. காதில் விழுந்தபடி தட்டினால் தேடலில் சிக்காமல் போகலாம்.

இதே ஆல்பத்தின் 'நுன்கா எஸ் சுஃபிசியென்தே' பாட்டில் கவனம் தேவை. லோஸ் ஆங்ஹெலெஸ் அசூலெஸ் குழுவுடன் அவர் பாடிய கும்பியா (லத்தீன் அமெரிக்க ஆட்ட இசை) வடிவம் மிகப் பிரபலம், தேடினால் அதுவே முன்னால் வரக்கூடும். ஆல்பத்தில் உள்ளதை முதலில் கேளுங்கள். ஆட்டம் போட வைக்கும் தாளத்துக்கு அடியில் எவ்வளவு வலி இருக்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

படி 2: 'மூசாஸ்' (2017, 2018)

இரண்டு தொகுதிகள். உடன் வாசிப்பவர்கள் லோஸ் மகொரீனோஸ் என்ற கிட்டார் இணை. பெரும் பாடகி சவேலா வர்காஸுக்கு வாசித்த கைகள் இவை. 'சொலெதாத் இ எல் மார்' பாட்டில் குரல் ஓயும் இடங்களில் கிட்டார் என்ன பதில் சொல்கிறது என்று மட்டும் கவனியுங்கள்.

எல்லாப் பாட்டும் அவர் எழுதியது என்று நினைத்துவிட வேண்டாம். 'தொனாதா தே லூனா யேனா' வெனிசுவேலாவின் சிமோன் தியாஸ் எழுதியது.

படி 3: 'உன் கான்தோ போர் மெஹிகோ' (2020)

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். முதல் தொகுதியில் 'எல் பலஹூ' என்ற பாட்டு வரும். மெக்சிகோவின் வெராகுரூஸ் பகுதியில் பாடப்படும் சோன் ஹரோச்சோ என்ற நாட்டார் இசை மரபு அது. நான்கு நான்காகத் தாளம் போட்டால் கை தப்பிக்கொண்டே இருக்கும். காரணம், இது ஆறு எண்ணிக்கை. தொடையில் 'தகிட தகிட' என்று தட்டுங்கள். அது படிந்ததும் அதே ஆறை 'தக தக தக' என்று மாற்றுங்கள். இந்த இரண்டு பிரிப்பும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இழைவதுதான் இந்த இசையின் உயிர். ஹரானா என்ற சிறு கிட்டாரின் படபடப்பைப் பிடித்துக்கொண்டால் எண்ணுவது சுலபம்.

2017 நிலநடுக்கத்தில் சேதமடைந்த, வெராகுரூஸின் ஹால்திபான் ஊரில் உள்ள சோன் ஹரோச்சோ ஆவண மையத்தை மீட்டெழுப்பும் முயற்சிக்குத் துணையாகப் பிறந்த ஆல்பம் இது.

படி 4: 'தே தோதாஸ் லாஸ் ஃப்ளோரெஸ்' (2022)

டேப்பில் பதிவு செய்யப்பட்டது. முதல் பாட்டில் குரல் வரத் தாமதமாகும். தாண்டிப் போய்விடாதீர்கள், அந்தக் காத்திருப்பும் பாட்டில் சேர்த்திதான். இதே ஆல்பத்தில் 'முயெர்தே' என்றொரு பாட்டு உண்டு; மரணம் என்று பொருள். அதை இரவில், இடையில் நிறுத்தாமல் கேளுங்கள்.

இதற்குப் பிறகு மெக்சிகோவின் பழைய இசையமைப்பாளர் அகுஸ்தீன் லாராவின் பாடல்களைப் பாடிய 'முஹெர் திவீனா' (2012), கடைசியாக அந்த 2002 ஆல்பம். இப்போது அந்தப் பாப் பாட்டுகளிலும் இதே குரலை அடையாளம் கண்டுகொள்வீர்கள்.