“அக்கா மாதிரி நான் ஏன் இல்லை?” நாணயம் சுண்டி விளக்குவது எப்படி

மூத்தவள் அப்பாவை உரித்து வைத்ததுபோல் இருப்பாள், அடுத்தவனுக்கு யார் சாயல் என்றே பிடிபடாது. “நான் மட்டும் ஏன் வேறு மாதிரி?” என்று ஒரு பிள்ளை கேட்டால், “அதெல்லாம் அப்படித்தான்” என்று தட்டிக்கழிக்காதீர்கள், அந்தக் கேள்வி மனதிலேயே தங்கிவிடும். இரண்டு நாணயம், தாள், பேனாவோடு பக்கத்தில் உட்காருங்கள்.

ரத்த வகையில் ஆரம்பியுங்கள். கண் நிறம், நாக்கைச் சுருட்டுவது எல்லாம் வேண்டாம், சுலபமாகத் தெரிந்தாலும் அவை ஒற்றை மரபணுவோடு முடிகிற விஷயம் இல்லை. ஏ, பி, ஓ வகையை ஒரே மரபணுதான் முடிவு செய்கிறது. அதில் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதி: அப்பா தந்தது ஒன்று, அம்மா தந்தது ஒன்று. அப்பா ஏ வகை, அம்மா பி வகை, இருவரிடமும் வெளியே தெரியாமல் ஒரு ஓ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாணயத்தின் இரு பக்கமும் துண்டுத் தாள் ஒட்டி ஏ, ஓ என்று எழுதுங்கள், இது அப்பா. இன்னொன்றில் பி, ஓ, இது அம்மா. இரண்டையும் சேர்த்துச் சுண்டினால் ஒரு குழந்தை. ஏ, பி விழுந்தால் ஏபி. ஏ, ஓ விழுந்தால் ஏ, ஏனென்றால் ஓ அடங்கிப்போகும். பி, ஓ என்றால் பி. இரண்டும் ஓ விழுந்தால்தான் ஓ வகை. பெற்றவர்கள் இருவரிடமும் தெரியாத ஒன்று பிள்ளையிடம் தெரிவது இப்படித்தான்.

இப்போது நான்கு முறை சுண்டச் சொல்லுங்கள். நான்கு வகையும் ஆளுக்கொன்றாக வந்துவிடும் என்று பிள்ளை நினைக்கும். நூறு தடவை நான்கு நான்காகச் சுண்டினால் ஏறக்குறைய ஒன்பது தடவைதான் அப்படி வரும். அக்காவுக்கு என்ன விழுந்தது என்று நாணயத்துக்குத் தெரியாது, ஒவ்வொரு குழந்தைக்கும் புதிதாகத்தான் சுண்டுகிறோம். இது பிள்ளைக்குப் பிடிபடும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ரத்த வகை பொருந்தவில்லை என்று யாருடைய பிறப்பையும் இதை வைத்துச் சந்தேகிக்காதீர்கள். 1952இல் வெளியுலகுக்குத் தெரியவந்த பம்பாய் ரத்த வகை போன்ற அபூர்வ நிலைகளில், ஏ அல்லது பி மரபணு இருந்தும் வழக்கமான பரிசோதனையில் ஓ என்றே காட்டும்.

சரி, அடுத்தது பெரிய ஆட்டம். நம் உடம்பின் செல்லில் மரபணுக்களைச் சுமக்கும் இழைகள், அதாவது குரோமோசோம்கள், 46 உண்டு, 23 ஜோடி. அப்பாவின் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாத்தா தந்தது, ஒன்று பாட்டி தந்தது, அதில் ஒன்றுதான் விந்தணுவில் போகும். தாளில் 1 முதல் 23 வரை எழுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு நாணயம் சுண்டுங்கள், தலை விழுந்தால் ‘தா’, பூ விழுந்தால் ‘பா’. 23ஆவது முக்கியம்: தாத்தாவிடமிருந்து வந்தது ஒய், அது விழுந்தால் மகன், பாட்டியிடமிருந்து வந்தது எக்ஸ், அது விழுந்தால் மகள். ஆணா பெண்ணா என்பது அப்பாவின் வரிசையில் இருக்கிறது, அதற்காக அம்மாவைக் குறை சொல்வதில் துளியும் நியாயம் இல்லை.

அடுத்த குழந்தைக்கு இன்னொரு வரிசை எழுதி, எத்தனை இடத்தில் இரண்டும் ஒத்துப்போகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பெரும்பாலும் 9க்கும் 14க்கும் இடையில் வரும், பாதி ஒற்றுமை, பாதி வேற்றுமை. அப்பாவின் வரிசை மட்டுமே 83,88,608 விதமாக அமையலாம். அம்மாவின் வரிசையும் சேர்ந்தால் சுமார் 70 லட்சம் கோடி.

நிஜத்தில் கலப்பு இதைவிட அதிகம். நீலத்தாளில் ஒரு பட்டை, சிவப்புத்தாளில் ஒரு பட்டை வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே இடத்தில் இரண்டையும் கத்தரித்து, துண்டுகளை மாற்றி ஒட்டுங்கள். விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும்போது ஜோடிகள் இப்படித்தான் துண்டு மாற்றிக்கொள்கின்றன, அதனால் பிள்ளைக்குப் போகிற ஒரே குரோமோசோமில் தாத்தாவும் இருப்பார், பாட்டியும் இருப்பார். உயரம், தோல் நிறம் போன்றவற்றில் பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்வதால் இந்தக் கலப்பு முகத்திலும் உடம்பிலும் நன்றாகவே தெரியும்.

அப்புறம், “அச்சு அசலாக இருக்கிற இரட்டையர் எப்படி?” என்று பிள்ளை கேட்கும். நாணயத்தைத் தொடாதீர்கள். எழுதி வைத்த வரிசையை அப்படியே இன்னொரு தாளில் பார்த்து எழுதச் சொல்லுங்கள், ஒரே கரு இரண்டாகப் பிரிந்தவர்கள் அவர்கள்.